எடை குறைந்த கூடாரம் காற்றுக்குத் தாங்குமா?

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் காரைக்கால் கடற்கரைச் சாலையில் குடை பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை நெருங்க நெருங்க வாடைக்காற்று வலுக்கும். குடையைக் காற்றுக்கு எதிரே சாய்த்துப் பிடித்திருக்கும் வரை தொல்லை இல்லை. சற்றே நிமிர்த்தினால் போதும்; ஒரு நொடியில் குடை மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம்போல் ஆகிவிடும். கம்பிகள் வளையும், துணி கிழியும். நீங்கள் நனைந்துகொண்டே வீடு திரும்புவீர்கள். வீடு அருகில் இருப்பதால் இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய செய்தி.

வீடு அருகில் இல்லை என்றால்?

சாரணர் படையிலோ தேசிய மாணவர் படையிலோ சேர்ந்து, விடுமுறையில் மலைப்பகுதிக்கு நடைப்பயணம் செல்ல நீங்கள் ஏற்பாடு செய்வதாக வைத்துக்கொள்வோம். குழுவில் ஒவ்வொருவரும் தமக்கென ஒருவர் படுக்கும் சிறு கூடாரம் ஒன்றைத் தூக்கிச் செல்ல வேண்டும். கடையில் மூன்று கூடாரங்கள் இருக்கின்றன. ஒன்றின் எடை 900 கிராம். மற்றொன்று ஒன்றரை கிலோ. மூன்றாவது 2 கிலோ 200 கிராம். முதுகில் சுமக்கப்போவது நீங்கள்தான். ஆகவே எடை குறைந்ததை வாங்கத்தான் மனம் விரும்பும். ஆனால் அந்த 900 கிராம் கூடாரம் நள்ளிரவு மழையிலும் காற்றிலும் நிற்குமா?

இந்தக் கேள்விக்குக் கடைக்காரரின் சொல்லையோ அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த படத்தையோ நம்ப வேண்டியதில்லை. பள்ளியில் நீங்கள் படித்திருக்கும் இயற்பியலே போதும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நனைந்த உடையும் உடல் வெப்பமும்

கூடாரம் எதற்காக? தூங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் அன்று. காற்றையும் ஈரத்தையும் உடலிலிருந்து விலக்கி வைப்பதே அதன் முதல் வேலை.

30 பாகை வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். மழையில் நனைந்த சட்டையில் 200 கிராம் நீர் இருக்கிறது என்று கொள்வோம். அது காற்றில் உலர்வதற்கு 4,86,000 ஜூல், அதாவது 486 கிலோ ஜூல் வேண்டும். இந்த வெப்பம் பெரும்பாலும் சட்டையை அணிந்திருக்கும் உடலிலிருந்தே போகிறது.

மனித உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 3.5 கிலோ ஜூல். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரின் உடல் 1 பாகை குளிர 175 கிலோ ஜூல் வெளியேற வேண்டும். 486ஐ 175ஆல் வகுத்துப் பாருங்கள், 2.8 வரும். வேறு எந்த ஈடும் இல்லாவிட்டால், நனைந்த ஒரு சட்டை உலர்வதற்குள் உடல் வெப்பநிலை 37 பாகையிலிருந்து 34.2 பாகைக்கு இறங்கிவிடும். 35 பாகைக்குக் கீழே போனாலே அது உயிருக்கு ஆபத்தான நிலை. நடுக்கம் எடுக்கும், பேச்சு குளறும், சிந்தனை தடுமாறும்.

உடல் சும்மா இருப்பதில்லை. ஓய்வில் இருக்கும்போதும் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோ ஜூல் வெப்பத்தை அது உண்டாக்குகிறது. காற்று மெதுவாக வீசினால், சட்டை மெதுவாக உலரும். உடலால் ஈடுகட்ட முடியும். காற்று வேகமாக வீசினால் ஈடுகட்ட முடியாது. ஆகவே குளிரைவிட, ஈரமும் காற்றும் சேர்ந்த குளிரே கொடியது.

இது ஏட்டுக் கணக்கு அன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் உத்தராகண்டில் சஹஸ்ர தால் என்னும் உயர்ந்த மலை ஏரிக்கு நடைப்பயணம் சென்ற கர்நாடகக் குழு ஒன்று, முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டது. அவர்களில் 9 பேர் உயிரிழந்தனர். ஜூன் மாதம் நமக்குக் கோடைக்காலம். அந்த உயரத்தில் அன்று அது கோடையாக இருக்கவில்லை.

வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு

இப்போது காற்றுக்கு வருவோம். வீசும் காற்று ஒரு சுவரின்மேல் நேராக மோதும்போது ஏற்படும் அழுத்தத்தை ஏறத்தாழ இப்படிக் கணக்கிடலாம்:

அழுத்தம் = ½ × காற்றின் அடர்த்தி × வேகம் × வேகம்

கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. கூடாரத்தின் பக்கவாட்டின் நீளம் 2 மீட்டர், உயரம் 1 மீட்டர். பரப்பு 2 சதுர மீட்டர் என்று கொள்வோம்.

காற்றின் வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர் என்றால், அழுத்தம் 60 பாஸ்கல். 2 சதுர மீட்டரின்மேல் விசை 120 நியூட்டன். இது 12 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறு பிள்ளை சாய்ந்துகொண்டிருப்பதைப் போன்றது.

வேகம் மணிக்கு 72 கி.மீ. ஆனால் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு, அதாவது 480 நியூட்டன் ஆகிறது. இது 49 கிலோ எடைக்குச் சமம். உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் தம் முழு எடையோடு கூடாரத்தின்மேல் சாய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வேகம் மணிக்கு 108 கி.மீ. ஆனால் விசை ஒன்பது மடங்கு: 1,080 நியூட்டன். 110 கிலோ எடைக்குச் சமம். இரண்டு தோழர்கள்!

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் ஏன் சாய்ந்தன என்பது இந்த வர்க்கக் கணக்கிலிருந்து விளங்கும். சாதாரண நாளில் 12 கிலோ விசையைத் தாங்கி நிற்கும் ஒரு பொருள், காற்று மூன்று மடங்கு வேகம் எடுக்கும்போது 110 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது.

எனவே கூடாரம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதன் எடை எவ்வளவு?" என்பது அன்று, "எத்தனை வேகக் காற்றுக்கு இது தேவை?" என்பதே.

மேலே தூக்கும் காற்று

காற்று பக்கத்திலிருந்து தள்ளுவது மட்டும் அன்று. மேலே தூக்கவும் செய்கிறது. வளைந்த கூரையின்மேல் ஓடும் காற்று வேகம் கூடுகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. கூரைக்குக் கீழே காற்று அசையாமல் இருப்பதால் அங்கே அழுத்தம் குறைவதில்லை. கீழே கூடுதல், மேலே குறைவு. ஆகவே கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. புயலில் கீற்றும் தகரமும் பறப்பது இப்படித்தான்.

இதை மிகக் கசப்பான முறையில் கற்றுக்கொண்டவர்கள் மூவர். 1911ஆம் ஆண்டு ஜூலையில், தென்துருவ ஆராய்ச்சிக்குச் சென்ற ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் ஆகியோர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி அண்டார்க்டிக்காவில் கிரோசியர் முனைக்குச் சென்றனர். அங்கே அப்போது குளிர்கால நடு இரவு, பகலே கிடையாது. கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, சறுக்கு வண்டியைக் குறுக்கே உத்திரமாகப் போட்டு, கித்தான் துணியைக் கூரையாக விரித்தனர். பக்கத்திலேயே மூங்கில் கால்கள் கொண்ட தம் கூடாரத்தையும் அடித்தனர்.

புயல் வந்தது. முதலில் கூடாரம் பறந்தது. பின்பு கித்தான் கூரை மேல்நோக்கி உறிஞ்சப்பட்டு, படபடத்து, கீற்றுக் கீற்றாகக் கிழிந்தது. மூவரும் உறைபனியில் படுக்கைப் பைக்குள் சுருண்டு கிடந்தனர். கூடாரம் இல்லாமல் உயிரோடு திரும்ப வழியே இல்லை என்பது மூவருக்கும் தெரியும். காற்று தணிந்தபின் தேடிப் பார்த்தபோது, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் சரிவின் அடியில் அது கிடைத்தது. காற்றில் கால்கள் ஒன்றுசேர்ந்து, மடக்கிய குடைபோல ஆகிவிட்டதால்தான் கிழியாமல் தப்பியது என்று அவர்கள் கருதினர். அந்தக் கூடாரம் கிடைத்ததால் மூவரும் பிழைத்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். துணியைக் கிழித்தது காற்றின் அழுத்தம் மட்டும் அன்று, படபடப்பு. தளர்ந்த துணி ஒவ்வொரு முறை அடித்துக்கொள்ளும்போதும் தையலிலும் முடிச்சிலும் ஒரு வெட்டிழுப்பு விழுகிறது. இறுக்கி இழுத்துக் கட்டிய துணி அடித்துக்கொள்வதில்லை. மெல்லிய துணி இறுக்கமாக இருந்தால் நிற்கும். தடித்த துணி தளர்வாக இருந்தால் கிழியும்.

எந்த வடிவம் நல்லது?

ஒருவர் கூடாரங்களில் பொதுவாக நான்கு வடிவங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, இரு முனையிலும் கால் நட்டு நடுவே மோடு போட்ட பழைய முக்கோண வடிவம். கட்டுவது எளிது. ஆனால் இரு பக்கங்களும் தட்டையானவை. அகலத்தில் அடிக்கும் காற்றுக்குப் பாய்மரம்போல் ஆகிவிடும்.

இரண்டாவது, ஒரே கால்மீது நிற்கும் கோபுர வடிவம். ஊன்றி நடக்கும் கைத்தடியையே காலாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் எடை மிகக் குறைவு. இந்த எண்ணம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பர்ட் மம்மரி என்ற ஆங்கில மலையேறி பட்டுத்துணியில் ஒரு சிறு கூடாரம் செய்து, பனிக்கோடரிகளையே அதற்குக் கால்களாகப் பயன்படுத்தினார். அதன் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கோபுர வடிவம் ஒரே மாதிரி நிற்கும். ஆனால் முளைகளில் ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் முழுவதும் சரிந்துவிடும்.

மூன்றாவது, நம் மாட்டுவண்டியின் வில்லுக்கூண்டைப் போன்ற சுரங்க வடிவம். குறுகிய முனையைக் காற்றுக்கு நேராக வைத்தால் மிகவும் உறுதி. ஆனால் நள்ளிரவில் காற்று திசை மாறிவிட்டால் அதன் வலு குறையும்.

நான்காவது, கழிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் கவிகை வடிவம். கழிகள் வெட்டும் புள்ளிகள் கூடக் கூட, துணி சிறுசிறு முக்கோணங்களாகப் பிரிக்கப்படுகிறது. முக்கோணம் பக்கங்களின் நீளம் மாறாமல் உருமாறாது என்பது வடிவியலில் நீங்கள் கற்றதே. பனிமலைகளில் பயன்படும் கூடாரங்கள் பெரும்பாலும் இவ்வகை. கழிகள் கூடுவதால் எடையும் கூடுகிறது.

வடிவம் எதுவானாலும், உயரம் குறைந்தது நல்லது. தரைக்கு அருகே உராய்வினால் காற்றின் வேகம் குறைவு, பரப்பும் குறைவு. நிமிர்ந்து உட்கார ஒரு மீட்டர் உயரம் போதும். நீளம் மட்டும் உங்கள் உயரத்தைவிட 30 செ.மீ.யேனும் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையும் காலும் துணியில் உரசி நனையும்.

கயிற்றின் கோணமும் முளையின் பிடிப்பும்

கூடாரத்தைத் தாங்குவது துணியா, கழியா, கயிறா? பலத்த காற்றில் கயிறும் முளையும்தான் என்று சொல்லலாம். கலியாணப் பந்தல் போடுகிறவர்கள் கயிற்றை எவ்வளவு தள்ளி அடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு முக்கோணவியல் பாடமே இருக்கிறது.

மணிக்கு 72 கி.மீ. காற்றில் நம் கூடாரத்தின்மேல் 49 கிலோ விசை என்று கண்டோம். காற்று வரும் பக்கத்தில் மூன்று இழுகயிறுகள் அதைப் பங்கிட்டுக்கொள்வதாகக் கொண்டால், ஒவ்வொன்றும் கிடையாகத் தாங்க வேண்டியது ஏறத்தாழ 16 கிலோ.

கயிறு தரையோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால், கயிற்றில் இழுவிசை 16 ÷ கொசைன் 30, அதாவது 18 கிலோவுக்குச் சற்று அதிகம். முளையை மேலே பிடுங்கும் செங்குத்துக் கூறு 9 கிலோ.

45 பாகை என்றால் இழுவிசை 23 கிலோ. பிடுங்கும் கூறு 16 கிலோ.

60 பாகை என்றால் இழுவிசை 32 கிலோ. பிடுங்கும் கூறு 28 கிலோ.

அதே காற்று, அதே கூடாரம், அதே முளை. கயிற்றைச் சற்று நீளமாக விட்டுத் தள்ளி அடித்ததால் முளையைப் பிடுங்கும் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இதற்காக நீங்கள் சுமக்க வேண்டிய கூடுதல் எடை சில மீட்டர் கயிறு மட்டுமே.

காரைக்கால் கடற்கரையில் பயிற்சிக்காகக் கூடாரம் அடித்துப் பார்த்தால் மற்றோர் உண்மை விளங்கும். களிமண் வயலில் கல்போல் நிற்கும் முளை, மணலில் விரலால் இழுத்தாலே வந்துவிடும். மணலுக்கு நங்கூரம்தான் வழி. ஒரு சிறு சாக்கிலோ துணிப்பையிலோ மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, 40 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். பை 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உடையது என்றால் அதற்கு நேர் மேலே உள்ள மணலின் கனஅளவு 24 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. ஆகவே மேலே அமர்ந்திருக்கும் எடை 38 கிலோ! பையை மேலே இழுத்தால் பக்கத்து மணலும் சேர்ந்து எழும்ப வேண்டியிருப்பதால் பிடிப்பு இன்னும் அதிகம். வெறும் துணிப்பையின் எடையோ சில கிராம்.

வெளியிலிருந்து வரும் நீர்

கூடாரத் துணியின் அட்டையில் 1,200 மி.மீ., 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று ஓர் எண் இருக்கும். இது நீர்த்தூணின் உயரம். துணியின்மேல் அவ்வளவு உயரத்துக்கு நீர் நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். 1,000 மி.மீ. நீர்த்தூண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் எடை அழுத்தம் தரும்.

கூரைத் துணிக்கு 1,500 மி.மீ. பெரும்பாலும் போதும். நீர் கூரையில் தேங்குவதில்லை, வழிந்துவிடுகிறது. தரைத்துணியின் நிலை வேறு. ஈரத் தரையில் நீங்கள் முழந்தாளிட்டு உட்காருகிறீர்கள். 60 கிலோ எடை 100 சதுர செ.மீ. பரப்பில் விழுகிறது என்றால், அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 600 கிராம். இது 6,000 மி.மீ. நீர்த்தூணுக்குச் சமம்! படுத்துக்கொண்டால் எடை பரவிவிடுவதால் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். ஆகவே தரைத்துணி கூரைத்துணியைவிடத் தடிப்பாக இருப்பது நியாயமே. அங்கே எடையைக் குறைக்காதீர்கள். முழந்தாளிடும் இடத்தில் பாயை மடித்துப் போட்டுக்கொள்வதும் உதவும்.

தரைத்துணிக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து வழியும் நீரை அது வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். தார்ப்பாய் கூடாரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

இடத் தேர்வும் இதில் அடங்கும். நந்தலாறும் நாட்டாறும் அரசலாறும் திருமலைராஜனாறும் ஓடும் நம் டெல்டாவில் ஒரு முழம் உயரமான மேடுகூட ஓர் இரவைக் காப்பாற்றும். பள்ளத்தில் அடித்த கூடாரத்தை எந்தத் துணியாலும் காக்க முடியாது. தென்னை, சவுக்கு மரங்களின் அடியில் காற்றுக்காலத்தில் கூடாரம் அடிக்கவே கூடாது.

உள்ளேயிருந்து வரும் நீர்

மழையே இல்லாத இரவிலும் கூடாரத்தின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைக் கண்டு, கூடாரம் ஒழுகுகிறது என்று சிலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். அது ஒழுகல் அன்று, அவர்களுடைய மூச்சு!

தூங்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். மலையில் 5 பாகைக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் 7 கிராம் நீராவியைத்தான் ஏந்தியிருக்கும். நாம் வெளிவிடும் வெதுவெதுப்பான மூச்சிலோ அது ஏறத்தாழ 37 கிராம். இந்த வேற்றுமையை 8 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால், மூச்சிலிருந்து மட்டும் 90 கிராம் அளவுக்கு நீர் கூடாரத்துக்குள் சேர்கிறது. தோலிலிருந்து வெளியேறும் ஈரத்தையும் சேர்த்தால் ஒரு டம்ளர் நீருக்குக் குறையாது. குளிர்ந்த துணியின் உட்புறத்தில் அது பனித்துளிகளாகப் படிகிறது.

காரைக்காலில் குளிர் இல்லையே என்று எண்ணாதீர்கள். மார்கழி இரவில் வெப்பநிலை 23 பாகை, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்று கொள்வோம். அந்தக் காற்று இரண்டு பாகை குளிர்ந்தாலே தெவிட்டிவிடும். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும் மெல்லிய துணி எளிதில் இரண்டு பாகை குளிரும். விடியலில் மிதிவண்டி இருக்கையில் நீர் கோத்திருப்பதும் இதனால்தான்.

இதற்குத் தீர்வு இரட்டைத் துணிக் கூடாரம். உள்ளே மூச்சுவிடும் மெல்லிய துணி அல்லது வலை. வெளியே நீர்புகாத் துணி. இடையே ஒரு கையளவு இடைவெளி. நீராவி உள்துணி வழியே சென்று வெளித்துணியில் படிந்து, கீழே வழிந்து தரைக்குப் போய்விடும். ஒற்றைத் துணிக் கூடாரம் எடை குறைவுதான். ஆனால் அந்த ஒரு டம்ளர் நீர் உங்கள் படுக்கையில் விழும். மேலும் கீழும் காற்றுப்போக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழைக்குப் பயந்து எல்லாத் துளைகளையும் மூடிவிடாதீர்கள். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. தீப்பிடிக்கும் என்பது மட்டும் அன்று. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

எங்கே எடையைக் குறைக்கலாம்?

இப்போது கடைக்குத் திரும்புவோம். எடை எங்கிருந்து குறைந்தது என்று கேட்டுப் பார்த்துதான் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளித்துணியின் பரப்பு 7 சதுர மீட்டர் என்று கொள்வோம். சதுர மீட்டருக்கு 40 கிராம் உள்ள துணிக்குப் பதில் 20 கிராம் துணி போட்டால் மிச்சம் 140 கிராம். நல்ல நெசவும் சிலிக்கோன் பூச்சும் உள்ள நைலான் துணியானால் இந்தச் சிக்கனம் தகும். ஆனால் நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். படுக்கப்போகும்முன் கயிறுகளை மீண்டும் இறுக்க வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. இரண்டையும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் பலவீனமாக்கும். பகலெல்லாம் விரித்து வைக்காதீர்கள்.

கழிகளில் அலுமினியக் கலவை நம்பகமானது. அளவு மீறினால் வளையும், ஆனால் அந்த இரவைக் கடத்திவிடலாம். கண்ணாடியிழைக் கழி எடை அதிகம். உடைந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து துணியைக் கிழிக்கும். கார்பன் இழை மிக லேசானது. தாங்காதபோது முன்னறிவிப்பின்றி முறியும்.

கயிற்றிலும் முளையிலும் மட்டும் எடையைக் குறைக்கக் கூடாது. கூடுதலாக நான்கு முளைகளும் பத்து மீட்டர் மெல்லிய கயிறும் சேர்ந்து ஏறத்தாழ 120 கிராம்தான் இருக்கும். அவை தரும் உறுதியை அதே எடைக்குத் துணியோ கழியோ தராது. கயிறு கட்டக் காது இல்லாத கூடாரத்தை, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், காற்றுள்ள இடத்துக்கு வாங்காதீர்கள்.

ஆகவே மரங்களும் மறைவும் உள்ள தாழ்ந்த மலைகளில், காற்றும் மழையும் இல்லாத பருவத்தில் 900 கிராம் போதுமானது. பருவமழையில் திறந்த வெளிகளில் நடப்பவருக்கு இரட்டைத் துணியும் போதிய இழுகயிறுகளும் கொண்ட ஒன்றரை கிலோ கூடாரம் நல்லது. பனியும் பெருங்காற்றும் உள்ள உயரங்களுக்கு அந்த 2 கிலோ 200 கிராம் சுமையன்று, காப்பு. ஒருவர் கூடாரம் என்பதால் தனியே போகலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். குழுவோடும் வழிகாட்டியோடும் வனத்துறையின் அனுமதியோடும்தான் போக வேண்டும்.

எந்தக் கூடாரமும் போதாத நாள்

காரைக்கால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 முதல் 11 வரை எண்ணிட்ட அந்தக் குறியீடுகள் கடலோடிகளுக்கானவை. இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்றும் காரைக்காலில் இருக்கிறது. மேகத்திலுள்ள மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைக் கொண்டு, மழை எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதை அது காட்டுகிறது.

இந்த அறிவிப்புகள் வந்த நாளில் எந்தக் கூடாரத்தையும் நம்பாதீர்கள். வர்க்கக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 36 கி.மீ. காற்றில் 12 கிலோவாக இருந்த விசை, புயலில் 110 கிலோவாகும். பயணத்தைத் தள்ளிப்போடுவதும், உறுதியான கட்டடத்துக்குள் போவதுமே அறிவியல் கற்றவர் செய்ய வேண்டியவை.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள சுருள்வில் தராசைக் கேட்டு வாங்கி, ஆசிரியரோடு கடற்கரைக்குச் செல்லுங்கள். ஒரு முளையை மணலில் அடித்து, கயிற்றை 30, 45, 60 பாகைக் கோணங்களில் இழுத்து, எந்த விசையில் முளை வெளிவருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு புதைத்த மணல் பையையும் அவ்வாறே இழுத்துப் பாருங்கள்.

2. பழைய குடைத்துணி ஒன்றை ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயின் கீழ்வாயில் இறுக்கிக் கட்டி, மேலிருந்து மெதுவாக நீர் ஊற்றுங்கள். துணியின் அடியில் மூன்றாவது துளி தோன்றும்போது நீரின் உயரத்தை அளவிடுங்கள். அதுவே அந்தத் துணியின் நீர்த்தூண் அளவு. பருத்தித் துணி, மழைக்கோட்டுத் துணி ஆகியவற்றுக்கும் செய்து ஒப்பிடுங்கள்.

கணக்கிடுங்கள்

1. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, 1.5 சதுர மீட்டர் பரப்புள்ள கூடாரப் பக்கத்தின்மேல் எவ்வளவு விசை செலுத்தும்?

2. 40 கிலோ விசையை நான்கு இழுகயிறுகள் சமமாகத் தாங்குகின்றன. கயிறுகள் தரையோடு 45 பாகையில் உள்ளன. ஒவ்வொரு முளையையும் பிடுங்கும் செங்குத்துக் கூறு எவ்வளவு?

விடைகள்: 1. ஏறத்தாழ 202 நியூட்டன், அதாவது 21 கிலோ எடை. 2. 10 கிலோ எடை.